சுவார்ட்ஸ் ஐயரும் குருவுக்குரிய ஒழுக்கமும்

பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் என்னும் ஊர்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் குலத்தாருள் சைவரும் உளர், வைணவரும் உளர், கிறித்து நெறி தழுவினோரும் உளர். எந்நெறியினர்க்கும் குரு ஒருவர் வேண்டும். அக்குருவினிடத்து யாம் எதிர்பார்க்கத் தக்க ஒழுக்கம் யாது? கல்வியும் நாவன்மையும் கூட்டம் சேர்க்கும் ஆற்றலும் குருவுக்கு அணியாவனவேயன்றி உயிராவன அல்ல. தம் சமயத்தைச் சாராதாரும், பகைவரும், அவர் வாய்ச்சொல் ஒன்றையே பற்றுக்கோடாகக் கொண்டு தம் பொருளை ஒப்புவிப்பரோ என்பதே உரைகல் என்க. இவ்வுரைகல்லில் மாற்றுக் குறையாது நின்றவர் தஞ்சைச் சுவார்ட்ஸ் ஐயர். அவர் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

கிறிஸ்டியன் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்னும் இப்பெரியார் 1726ஆம் ஆண்டு பிரஷிய நாட்டில் சொன்னன்பர்க் என்னும் ஊரிற் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஹாலே நகரத்துக் கல்விக்கழகத்திற் பயிலுங்கால், முன்னர்த் தமிழ்நாட்டில் ஊழியஞ் செய்து மீண்டிருந்த சூல்ச் ஐயரிடம் தமிழ் கற்றார். 1750ஆம் ஆண்டு டேனியர்க்குரிய தரங்கம்பாடியில் வந்திறங்கினார். சில திங்களுக்குள்ளேயே தமிழிற் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். பின்னர் மராட்டியும் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றுக்கொண்டார். நாற்பத்தேழு ஆண்டுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தும் பிறந்த நாட்டிற்கு ஒருமுறையேனும் மீண்டாரல்லர், மணமும் செய்துகொண்டிலர்.

1762ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளியிலும் தஞ்சையிலும் அவர்தம் பணி பெருகிற்று. திருச்சிராப்பள்ளியில் 1766இல் ஓர் ஆலயம் எழுந்தது. அவ்வூரில் அவர் வாழ்ந்த இடம் ஒரு பழைய கட்டடத்துள் கட்டிலும் தாமும் கொள்ளும் அளவினதாகிய ஒரு சிற்றறை. உணவு சோறும் மரக்கறியும். உடை கருஞ்சாயம் தோய்த்த பருத்தியாடை. ஆங்கிலப் படையினர்க்குக் குருவாயிருந்தமை பற்றி ஆண்டுக்கு 100 பவுன் அவர்க்கு ஊதியமாகக் கிடைத்தது. அதனிலும் ஒரு பங்கைச் சபைக்கும் பள்ளிக்கும் ஈந்தார். தமக்கென வேண்டுவது சிறிதாயின் பிறர்முன் அஞ்சி நிற்க வேண்டுவதும் சிறிதாம் என்னும் உண்மையை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

இவ்வெளிமையின் பயன் 1779இல் வெளிப்பட்டது. மைசூர் ஹைதர் அலியின் உள்ளக்கருத்தை அறிந்து சமாதானம் பேசிவரச் சென்னைக் கவர்னர் ரம்போல்டு இவரையே வேண்டினார். படைத்தலைவரும் ராஜதந்திரிகளும் பலரிருக்கப் பாதிரியார் ஒருவரைத் தேடியது ஏன்? கும்பினியார் சொல்லில் ஹைதருக்கு நம்பிக்கை அற்றுப் போயிற்று. சுவார்ட்ஸ் ஐயர் இரத்தஞ் சிந்துதலைத் தடுக்கலாகுமோ என்றெண்ணிச் சீரங்கப்பட்டணம் சென்றார். ஹைதர் அவரை அருகிருத்தி உரையாடி, வழிச்செலவுக்கென 300 ரூபாய் அளித்தான். வழிச்செலவு முன்னரே கும்பினியாராற் கொடுக்கப்பட்டிருந்தமையின், அப்பணம் தமக்குரியதன்றென அதனை அவர்களிடமே ஒப்புவிக்க முற்பட்டார். அவர்கள் அவரையே வைத்துக்கொள்ளப் பணித்தபோது, தஞ்சையில் ஏழைச் சிறாரின் பள்ளிக்கு அதனை முதலாக்கினார்.

தூது பயன்படவில்லை. 1780இல் போர் மூண்டது. சென்னைக்கும் காஞ்சிக்கும் இடைப்பட்ட நம் பூவிருந்தவல்லி வட்டகையினின்று தொலைவிலில்லாத புள்ளலூரில் கும்பினிப் படை பெருந்தோல்வி எய்தியது அவ்வாண்டிலேயே. நாடெங்கும் ஊர்கள் பாழ்பட்ட அக்காலத்தும், இப்பாதிரியாரை இடையூறு செய்யாது போகவிடுமாறு ஹைதர் தன் படைஞர்க்குக் கட்டளையிட்டிருந்தான். பகைவன் அளித்த இந்நற்சான்றினும் மேம்பட்டதொன்று குருவுக்கு உண்டோ?

அப்போரிடைத் தஞ்சைக் கோட்டையிற் பஞ்சம் புகுந்தது. புறத்தே நெல் இருந்தது. கொண்டுவர எருதுகள் இல்லை. உழவர் எருது தர மறுத்தனர். முன்னர்க் கொடுத்தவற்றிற்கு அவர்கள் கூலி பெற்றிலர். அரசரின் ஆணையும் ஆங்கிலரின் வேண்டுகோளும் பயன்படாதொழிந்த பின்னர், ஐயர் தாமே பிணை நின்று பணம் தருவதாக உரைத்தார். உடனே எருதுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டையுட் புகுந்தது. சொன்னபடியே ஒவ்வொருவர்க்கும் உரியதைக் கொடுத்துத் தீர்த்தார். பிறிதொருகால், வரிக்கொடுமையால் ஊரைத் துறந்தோடிய குடிகளும் அரசாங்கத்தின் வாக்கை நம்பாது ஐயர் வாக்கை நம்பியே மீண்டனர். அங்ஙனம் மீண்டோர் 7,000 பேர். அவருட் பெரும்பாலார் அவர்தம் சமயத்தினர் அல்லர் என்பதை அன்பர்கள் கருதுவார்களாக.

பதவி தானே தேடிவந்தபோதும் அவர் அடக்கத்தினின்று வழுவிலர். 1787இல் மரணப் படுக்கையிலிருந்த துளஜா மன்னர், தம் தத்துப் புதல்வன் சரபோசியை அவரிடம் ஒப்புவிக்க எண்ணினார். ஐயரோ ஆட்சிப் பொறுப்பு ஒரு குருவுக்குத் தகாதென விலகி, மன்னர் தம்பி அமர்சிங்கிடம் பாலகனை ஒப்புவிக்கச் செய்தார். சிறுவன் பின்னர் அடைபட்டு வருந்தியபோது வாளா இருந்திலர், முறையிட்டுக் காத்தார். 1793இல் சரபோசி சென்னைக்கு அனுப்பப்பட்டுக் கல்வி பெற்றார்.

ஒழுக்கத்தில் ஆள் பார்த்து நெகிழும் வழக்கமும் அவர்க்கில்லை. பாளையங்கோட்டையில் ஆங்கிலத் துரை ஒருவருடன் மணமின்றி வாழ்ந்த பிராமண விதவை ஞானஸ்நானம் வேண்டியபோது, அந்நிலை நீடிக்குங்காறும் மறுத்தார். துரை இறந்த பின்னர், 1778இல், குளோரிந்தா என்னும் பெயருடன் அவர்க்கு அதனை அளித்தார். அவ்வம்மையார் பின்னர் அவ்வூரில் ஓர் ஆலயம் எழுப்பினார்.

இனி, ஒரு குறையையும் மறையாது உரைத்தல் எம் கடன். தஞ்சைச் சபையில் மேற்குலத்தாரும் தாழ்த்தப்பட்டோரும் ஆலயத்துள் வேறு வேறிடத்து அமரும் வழக்கத்தை அவர் வன்மையாகக் களைந்திலர். அன்பினாற் காலப்போக்கில் மறையுமென எண்ணினார். மறைந்ததோ? 1833இல் பிஷப் டேனியல் வில்சன் அவ்வேற்றுமையை ஒழிக்குமாறு கட்டளையிட்டபோது, இருக்கையை விட மனமின்றிச் சபையையே விட்டு நீங்கினார் பலர். பகைவனது நம்பிக்கையைப் பெற்ற குருவின் சபையார், உடனிருக்கும் ஏழையோடு ஒரு பாயில் அமர மறுத்தனர். குரு எத்துணை உயர்ந்தோராயினும், அடியார்க்குரிய ஒழுக்கத்தை அவர் அவர்க்காக நடந்து தர இயலாது. குலத்தின் பெயராற் கூடும் நம் சங்கத்தார்க்கு இது நன்கு உறைத்தல் வேண்டும். குலப்பற்று நம் பிள்ளைகளின் கல்விக்கும் வறியோர் துணைக்கும் ஆகுக. பிறரை விலக்கும் வேலியாதற்கு ஆகற்க.

ஐயர் 1798ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் தஞ்சையில் உயிர் நீத்தார். எஞ்சிய பொருள் அனைத்தையும் திருப்பணிக்கே வைத்தார். தம் நெறி விடாத இந்து அரசராகிய சரபோசி அவர் உடலருகே கண்ணீர் வடித்தார். பின்னர்ச் சிற்பி பிளாக்ஸ்மனைக்கொண்டு சலவைக்கல்லில் நினைவுச்சிலை ஒன்று அமைப்பித்தார். அது தஞ்சைச் சிவகங்கைப் பூங்காவை அடுத்த ஆலயத்தில் உளது. கும்பினியார் நிறுவிய மற்றொன்று சென்னைக் கோட்டையில் தூய மரியாள் ஆலயத்துள் உளது. நம்மவர் புகைவண்டியேறிச் சென்று பிள்ளைகட்குக் காட்டிவருதற்குத் தொலைவு அதிகமன்று.

குருவைத் தேரினும், அறநிலையத்திற்குப் பொறுப்பாளரைத் தேரினும், சங்கத்திற்குப் பொருளாளரைத் தேரினும், நாம் ஆராய வேண்டுவன இரண்டு. தமக்குரியதன்றாகிய பணம் கைக்கு வந்தபோது அவர் யாது செய்தார்? அவர் வாக்கை நம்பி எருது கொடுத்த ஏழைக்குக் கூலி சென்று சேர்ந்ததா? இவ்விரண்டிற்கும் நேரிய விடை கிடைக்குமாயின் ஏனைய தகுதிகள் சிறிது குறையினும் கேடில்லை; கிடையாதாயின் ஏனைய யாவும் நிறைந்திருப்பினும் பயனில்லை என்பது எம் துணிபு.