பேனாக்கத்திக்கு உருக்குக் கொடுத்த பரங்கிப்பேட்டை துரை

சமையல் கட்டில் கத்தி மழுங்கி விட்டது. சாணைக்காரன் வரும் நாள் அல்ல. வீட்டு அம்மாள் என்ன செய்வாள்? ஊறுகாய் ஜாடியைக் கவிழ்த்து வைப்பாள். ஜாடியின் அடி விளிம்பில் மழமழப்புப் பூச்சு இருக்காது, சொரசொரப்பாக இருக்கும். அதில் கத்தியை நாலு இழுப்பு இழுத்தால் போதும். முருங்கைக்காய் முதல் தக்காளி வரை எல்லாம் வெட்டும்.

பீங்கான் சூளைகளுக்குப் பேர் போன விருத்தாசலத்தில் அந்த விளிம்புக்குப் பஞ்சம் இல்லை. கடைத்தெருவில் உட்கார்ந்து பாக்கு வெட்டுகிறவர், நுங்கு சீவுகிறவர், மடியில் மடக்குக்கத்தி வைத்திருக்கும் பெரியவர், எல்லோருக்கும் கத்தியைத் தீட்டத் தெரியும்.

ஆனால், அந்தக் கத்தியின் அலகில் இருக்கும் உருக்குக்கு ஒரு கதை உண்டு. அது நடந்த இடம் தொலைவில் இல்லை. விருத்தாசலத்தைத் தொட்டு ஓடும் மணிமுத்தாறு, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் கலக்கிறது. அந்த வெள்ளாறு பரங்கிப்பேட்டை அருகே கடலில் விழுகிறது. அதே பரங்கிப்பேட்டையில்தான், 1830-ல், ஒரு வெள்ளைக்காரர் இரும்பு ஆலை வைத்தார்.

அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். உலகத்தின் கத்தித் தொழிலையே மாற்றியவர் அவர். கடைசியில் ஏழையாகச் செத்தவரும் அவர்தான்!

துணி வாங்க வந்தவர்

ஹீத், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை உத்தியோகஸ்தர். சேலம், கோயம்புத்தூர்ப் பகுதியில் கம்பெனியின் வியாபாரத்தைக் கவனிக்கும் வேலை அவருக்கு. நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுத்துத் துணி வாங்குவது, கணக்கு எழுதுவது, சென்னைக்கு அனுப்புவது. இதுதான் உத்தியோகம். சம்பளத்துக்குக் குறைவில்லை. பேசாமல் இருந்திருந்தால் பென்ஷன் வாங்கிக் கொண்டு ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்.

ஆனால் அவர் கண், துணியை விட்டு வேறு பக்கம் போயிற்று.

சேலத்துக்கு மேற்கே கஞ்சமலை இருக்கிறது. அந்த மலையில் காந்தம் பிடிக்கும் கறுப்பு இரும்புக் கல் கிடைக்கும். மழை பெய்தால் ஓடைகளில் கறுப்பு மணலாக இறங்கி வரும். அதைச் சுற்றுப்புறக் கிராமத்தார் அள்ளி வந்து, புடைத்துச் சுத்தம் செய்து, ஆள் உயரம்கூட இல்லாத மண் உலைகளில் இட்டு உருக்கினார்கள். தோல் துருத்தியால் ஊதினார்கள். அப்பன், பாட்டன் காலத்துத் தொழில்.

அந்த இரும்பை உருக்காக மாற்றும் வித்தைதான் இன்னும் அதிசயம். ஹீத் அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். பார்த்ததைப் பின்னால் எழுதியும் வைத்தார்.

களிமண்ணோடு உமிக்கரியைக் கலந்து சிறிய மூசை செய்வார்கள். அதற்குள் இரும்புத் துண்டுகளைப் போடுவார்கள். இரும்பின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு, காய்ந்த ஆவாரங் குச்சியை நறுக்கிப் போடுவார்கள். மேலே எருக்கிலையை மூடி, களிமண்ணால் வாயை அடைப்பார்கள். காய்ந்த மூசைகளில் 20, 24 எண்ணத்தை உலையில் வளைவாக அடுக்கி, கரியால் மூடி, இரண்டரை மணி நேரம் ஊதுவார்கள். ஆறிய பிறகு மூசையை உடைத்தால், உள்ளே வட்ட வடிவில் ஓர் உருக்குக் கட்டி!

ஆவாரையும் எருக்கும் வேலியோரத்துச் செடிகள். சட்டியோ களிமண். ஆனால் கிடைத்த பொருளைப் பார்த்து ஐரோப்பா வாயைப் பிளந்தது. அதை அவர்கள் ஊட்ஸ் என்றார்கள். உக்கு, உருக்கு என்ற நம் தென்னாட்டுச் சொல்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று என்பது பலர் கருத்து.

1795-லேயே லண்டனில் ஸ்டோடார்ட் என்ற கத்திக்காரர், இந்தியாவிலிருந்து போன உருக்குக் கட்டியை அடித்து ஒரு பேனாக்கத்தி செய்து பார்த்திருக்கிறார். தம்மிடம் இருந்த எந்த உருக்கையும்விட இது உயர்ந்தது என்று அவர் முடிவு கட்டினார். மின்சார விஞ்ஞானி மைக்கேல் பாரடே, கொல்லர் ஒருவரின் மகன். அவரும் இதே ஸ்டோடார்டோடு சேர்ந்து இந்த உருக்கை ஆராய்ந்தார்.

ஹீத் இன்னும் ஒரு படி மேலே போனார். பழங்காலத்து எகிப்தியர், கருங்கல்லை ஒத்த கடினமான பாறையில் எழுத்துச் செதுக்கிய உளிகள்கூட இந்திய உருக்கால் ஆனவையாக இருக்கும் என்று கருதினார். இது அவருடைய ஊகம்தான். ஆனால், தமிழ்நாட்டுக் கொல்லர்களை அவர் எவ்வளவு உயர்வாக மதித்தார் என்பதை இது காட்டும்.

அந்தக் காலத்தில் சேலத்தில் அருணாசலம் என்ற கைதேர்ந்த கத்திக் கொல்லர் இருந்தார். வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் அவர் செய்த கத்தியையும் ஈட்டியையும் தேடி வாங்கினார்கள். அவர் பெயரைத் தங்கள் நாக்குக்கு வந்தபடி திரித்து எழுதினார்கள். சேலம் என்று முத்திரை விழுந்த அந்தக் கத்திகளை, பழைய கத்தி சேர்ப்பவர்கள் இன்றும் வெளிநாடுகளில் தேடிப் பிடிக்கிறார்கள்.

உத்தியோகத்தை விட்டார்

1825-ல் ஹீத், கம்பெனி சர்க்காரிடம் ஒரு யோசனை சொன்னார். கஞ்சமலைக் கல்லைப் பெரிய உலைகளில் உருக்கினால், இங்கிலாந்துக்கே இரும்பு அனுப்பலாம் என்றார். உருக்குச் செய்ய நல்ல இரும்பு வேண்டுமென்றால், இங்கிலாந்து அன்று ஸ்வீடன் நாட்டிடம்தான் கையேந்தி நின்றது.

சர்க்கார் முன்பணம் கொடுத்தது. தரிசு நிலங்களில் விறகு வெட்டும் உரிமையையும் கொடுத்தது. ஹீத் இங்கிலாந்து போய் இரும்பு வார்க்கும் முறைகளைப் படித்து வந்தார். நல்ல உத்தியோகத்தைத் துறந்தார். பரங்கிப்பேட்டையில் உலை எழும்பியது.

கல் இருப்பது சேலத்தில். உலை ஏன் பரங்கிப்பேட்டையில்? கடற்கரை என்பதால் கப்பல் ஏற்றுவது சுலபம். தென்னார்க்காட்டுக் காடுகளில் விறகு கிடைக்கும். ஆனால் கல்லைக் கொண்டு வர வேண்டுமே! பரிசல்களில் காவிரி வழியாக இறக்கி, கொள்ளிடத்தில் விட்டு, அங்கிருந்து கான்சாகிப் வாய்க்கால் வழியாகக் கொண்டு வந்தார்கள். ஏறத்தாழ 200 கிலோமீட்டர்! கணக்குப் போடத் தெரிந்த எந்தச் செட்டியாரும் இந்த இடத்தில் தலையை ஆட்டியிருப்பார்.

கல் உருகக் கரி வேண்டும். ஒரு டன் இரும்பு எடுக்கப் பல டன் கரி தீர்ந்தது. காடுகள் மொட்டை ஆயின. விறகு தேடி வரவரத் தூரம் போக வேண்டியதாயிற்று. கூலி ஏறியது. சர்க்காரிடம் வாங்கிய முன்பணம் லட்சக் கணக்கில் போயிற்று. ஹீத்தின் சொந்தப் பணமும் உலையில் வெந்தது.

இரும்பு நல்ல இரும்பு. அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஷெபீல்டு நகரத்து உருக்கு வியாபாரிகள் அதை வாங்கினார்கள். 1850-ல் திறந்த பிரிட்டானியா பாலத்துக்கு இந்த இரும்பும் போயிற்று என்று பழைய ஜில்லாக் குறிப்புகள் சொல்கின்றன. சரக்கு வென்றது, கணக்கு தோற்றது.

ஷெபீல்டில் கிடைத்த வெற்றி

ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பினார். தோற்றவர் சும்மா இருக்கவில்லை. ஷெபீல்டில் மூசைகளின் பக்கத்தில் போய் நின்றார்.

ஷெபீல்டு என்பது கத்திகளின் ஊர். மடக்குக்கத்தி, சவரக்கத்தி, மேஜைக்கத்தி, கத்தரிக்கோல் என்று உலகத்துக்கே அனுப்பிய ஊர். நம் ஊர்ப் பெரியவர்கள் சீமைக் கத்தி என்று பெருமையாகச் சட்டைப்பையில் வைத்துக் கொண்டது பெரும்பாலும் ஷெபீல்டுச் சரக்குத்தான்.

அந்த ஊருக்கு ஒரு தலைவலி இருந்தது. இங்கிலாந்து இரும்பு மலிவு. ஆனால் அதில் கந்தகம் கலந்திருக்கும். உருக்காக்கிப் பழுக்கக் காய்ச்சி அடித்தால் வெடிக்கும். அதனால் விலை உயர்ந்த ஸ்வீடன் இரும்பையே வாங்க வேண்டியிருந்தது. இன்னொரு தொல்லையும் உண்டு. மேஜைக்கத்தியில் வெட்டும் அலகு உருக்கு. கைப்பிடிக்குள் செருகும் வால் சாதா இரும்பு. வார்ப்பு உருக்கு அந்த இரும்போடு சரியாகப் பற்றிக் கொள்ளாது.

ஹீத் மூசையில் மாங்கனீசைச் சேர்த்துப் பார்த்தார். மாங்கனீசையும் கரியையும் கூட்டிச் செய்த பொருளை, நூற்றுக்கு 1 முதல் 3 பங்கு வரை போட்டார். அவ்வளவுதான்! மலிவான இரும்பிலிருந்தே நல்ல உருக்கு வந்தது. சம்மட்டிக்கு அஞ்சவில்லை. இரும்போடும் நன்றாக ஒட்டியது. மாங்கனீசு, கந்தகத்தைப் பிடித்துக் கட்டிப் போட்டு விடுகிறது. அதனால்தான் உருக்கு வெடிப்பதில்லை.

1839 ஏப்ரல் 5-ந் தேதி ஹீத் இதற்குப் பேட்டெண்ட் உரிமை பெற்றார். ஷெபீல்டில் நல்ல உருக்கின் விலை நூற்றுக்கு 30, 40 வீதம் இறங்கியது என்று சொன்னார்கள். மில் கூலிக்காரனும் ஒரு மடக்குக்கத்தி வாங்கிப் பையில் போடலாம் என்ற நிலை வந்தது.

இந்த உருக்கின் குணம், கத்திப் பிரியர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்கள் இருவர் சந்தித்தால் போதும். பையிலிருந்து கத்தியை எடுத்து மாற்றிக் கொள்வார்கள். நகத்தில் கூர் பார்ப்பார்கள். அலகு மடங்கும்போது டப் என்று சத்தம் கேட்கிறதா என்று காது கொடுப்பார்கள். பழைய கரி உருக்குக் கத்தி, எலுமிச்சம்பழம் வெட்டினால் கறுக்கும். துடைக்காமல் விட்டால் துருப் பிடிக்கும். ஆனால் எண்ணெய்க் கல்லில் நாலு தடவை தேய்த்தால் சவரக்கத்திபோல் கூர் ஏறும். துருப் பிடிக்காத மலிவுக் கத்திகளிடம் அந்தக் குணத்தை எதிர்பார்க்க முடியாது.

கூட இருந்தவர் செய்த காரியம்

ஹீத் தம் பொருளைப் பொட்டலம் கட்டி விற்றார். வாங்கி உபயோகித்தவர்கள் அவருக்குக் கட்டணம் செலுத்தினார்கள். ஷெபீல்டில் இந்த வியாபாரத்தைக் கவனிக்க அன்வின் என்பவரை ஏஜெண்டாக வைத்தார்.

ஒரு நாள் ஹீத்துக்கு இன்னும் மலிவான வழி தோன்றியது. மாங்கனீசுக் கலவையைத் தனியாக முன்கூட்டியே செய்வானேன்? மாங்கனீசுக் கல்லின் பொடியையும் நிலக்கரித் தாரையும் நேரே மூசையில் போட்டால், அந்தக் கலவை உள்ளேயே உண்டாகி விடுமே! பலன் ஒன்றுதான், செலவு மிகக் குறைவு. வெள்ளை மனத்தோடு இதை அவர் அன்வினிடம் சொன்னார்.

சொன்னது வினையாயிற்று!

அன்வின் தனியே பிரிந்தார். தாமே அந்த முறையைக் கையாண்டார். கட்டணம் தர மறுத்தார். பேட்டெண்ட் பத்திரத்தில் எழுதியிருப்பது கலவை. நாங்கள் போடுவது தனித்தனிச் சரக்கு. ஆகவே உரிமை செல்லாது என்பது அவர் கட்சி. பத்திரம் எழுதிய காலத்தில் ஹீத்துக்கே இந்த இரண்டாவது வழி தெரியாது. அதனால் அது பத்திரத்தில் ஏறவில்லை. அந்த ஓட்டை வழியாக ஒருவர் புகுந்தார்; பின்னாலேயே ஊர் புகுந்தது.

ஷெபீல்டு உற்பத்தியாளர்கள் அன்வின் பக்கம் சேர்ந்தார்கள். அவர்கள் கையில் பணம் இருந்தது. ஹீத்தின் கையில் நியாயம்தான் இருந்தது. பரங்கிப்பேட்டையில் மிஞ்சியதை வக்கீல்கள் வாங்கிக் கொண்டார்கள்.

வழக்கு ஒரு கோர்ட்டிலிருந்து இன்னொரு கோர்ட்டுக்குப் போயிற்று. ஒரு தடவை தோல்வி. ஒரு தடவை வெற்றி. நீதிபதிகளுக்குள்ளேயே கருத்து இரண்டுபட்டது. இதற்கு நடுவிலும் ஹீத் உலையை விடவில்லை. 1845-ல் வேறொரு முறைக்கு உரிமை வாங்கினார். வார்ப்பிரும்பையும் தேனிரும்பையும் சேர்த்து, வாயுத் தீயில் உருக்கி உருக்காக்கும் யோசனை அது. அதைச் செய்து காட்ட அவரிடம் பணம் இல்லை. பின்னாளில் சீமன்ஸ் முதலியவர்கள் அதே பாதையில் போய்ப் பெரும் பொருள் ஈட்டினார்கள்.

1851-ல் ஹீத் காலமானார். வழக்கு அப்போதும் முடியவில்லை.

அவர் போன நாலு ஆண்டுகளுக்குப் பின், 1855-ல், இங்கிலாந்தின் கடைசிக் கோர்ட்டான பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. ஹீத் பக்கம் தோல்வி. அதற்குள் ஷெபீல்டுக்கு அவருடைய முறையால் கிடைத்த லாபத்துக்கு அளவே இல்லை.

அடுத்த ஆண்டே, 1856-ல், பெஸ்ஸிமர் என்பவர் காற்றை ஊதி உருக்குச் செய்யும் பெரிய முறையை வெளியிட்டார். அந்த உருக்கு அடித்தால் வெடித்தது. மஷெட் என்பவர் அதில் மாங்கனீசைச் சேர்த்தார், சரியாகி விட்டது. ஹீத் சொன்ன அதே மருந்து! தண்டவாளம், பாலம், கப்பல் எல்லாவற்றுக்கும் அந்த மருந்து வேண்டியதாயிற்று. விருத்தாசலம் ஜங்ஷன் வழியாக ரயில் ஓடும் தண்டவாளத்திலும் மாங்கனீசு இருக்கிறது.

பரங்கிப்பேட்டை ஆலை என்ன ஆயிற்று? 1853-ல் புதிய கம்பெனி ஒன்று அதை ஏற்றது. திருவண்ணாமலையிலும், சேலம் ஜில்லாவில் பாலம்பட்டியிலும், மலையாளக் கரையில் பேப்பூரிலும்கூட உலைகள் இருந்தன. கரிப் பஞ்சம் அவர்களையும் விடவில்லை. ஒவ்வொன்றாக உலைகள் அணைந்தன. 1870-களில் கம்பெனியே கலைந்தது. கஞ்சமலை அடிவாரத்து மண் உலைகள் அவற்றுக்குப் பிறகும் கொஞ்ச காலம் புகைந்தன. கப்பலில் வந்து இறங்கிய மலிவுச் சீமை இரும்பு, கடைசியில் அவற்றையும் அணைத்தது.