எலிசபெத் வில்லியம்ஸ் சாம்ப்னி

எலிசபெத் வில்லியம்ஸ் சாம்ப்னி (பெப்ரவரி 6, 1850 – 1922) ஓர் அமெரிக்க எழுத்தாளர் ஆவார். லிசி சாம்ப்னி என்ற பெயரிலும் எழுதினார். கல்லூரிப் பெண்களின் பயணங்களையும் பெண்கள் பள்ளி விடுதி வாழ்க்கையையும் களமாகக் கொண்டு தொடர் புதினங்கள் எழுதிய தொடக்ககால எழுத்தாளர்களுள் இவரும் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

சாம்ப்னி ஒகையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் பிறந்தார். நியூயார்க் மாநிலத்தில் 1865 இல் தொடங்கிய வாசர் மகளிர் கல்லூரியில் பயின்று 1869 இல் பட்டம் பெற்றார். முன்னர் தமக்கு ஓவியம் கற்பித்த ஜேம்ஸ் வெல்ஸ் சாம்ப்னியை 1873 இல் மணந்தார். இருவரும் ஐரோப்பாவில் பயணம் செய்தனர். மகனுக்குக் கணவரின் ஆசிரியரான பிரான்சிய ஓவியர் எதுவார் ஃப்ரேரின் பெயரும், மகளுக்கு வாசர் கல்லூரியின் வானியல் பேராசிரியர் மரியா மிட்செலின் பெயரும் இடப்பட்டன.

வாசர் பெண்கள் தொடர்

உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் 1873 இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அக்கருத்து பரவலாக விவாதிக்கப்பட்டுவந்த காலத்தில், 1883 இல் வாசர் பெண்கள் தொடரின் முதல் நூல் வெளிவந்தது. இதில் மூன்று கல்லூரி மாணவியர் விடுமுறையில் பிரான்சு, எசுப்பானியா நாடுகளைச் சுற்றி வருகின்றனர். தென் அமெரிக்கா பற்றிய நூலில் அமேசான் ஆற்றில் ஏறி, மதெய்ரா ஆற்றின் வழியே சென்று, ஆண்டீசு மலைத்தொடரைக் கடந்து, பசிபிக் கரையோரமாகப் பனாமாவை அடைகின்றனர். படித்த பெண்கள் உடல் வலிமையும் துணிவும் உடையவர்களாகவே இந்நூல்களில் காட்டப்படுகின்றனர். கதையின் ஊடே அந்தந்த நாட்டின் வரலாறு, கலை, புவியியல் செய்திகளும் இடம்பெறும். 1892 வரை 11 நூல்கள் வந்தன. பலவற்றிற்குக் கணவர் படங்கள் வரைந்தார்.

விட்ச் வின்னி தொடர்

1889 இல் தொடங்கிய இத்தொடரின் முதல் நூல், நியூயார்க் நகரின் விடுதிப் பள்ளி மாணவியரைப் பற்றியது. குறும்புக்காரியான வின்னியும் தோழியரும் ஏழைக் குழந்தைகளுக்கு உதவ முற்படுகின்றனர். பின்வந்த நூல்களில் கதை பாரிசு, வெனிசு, எசுப்பானியா எனப் பயணக்கதையாக விரிகிறது.

பிற்காலம்

1903 இல் நியூயார்க்கில் மின்தூக்கிக் குழிக்குள் விழுந்து கணவர் இறந்தார். அதன் பின்னரும் சாம்ப்னி ஐரோப்பிய மடங்கள், மாளிகைகள் பற்றிய கதைநூல்களை எழுதினார். கட்டடக்கலைஞரான மகனுடன் இணைந்தும் நூல்கள் எழுதினார். 1922 இல் சியாட்டில் நகரில் காலமானார்.

சில நூல்கள்

* திரீ வாசர் கேர்ல்ஸ் அப்ராட் (1883)
* திரீ வாசர் கேர்ல்ஸ் இன் சவுத் அமெரிக்கா (1885)
* விட்ச் வின்னி (1889)
* ரொமான்ஸ் ஆஃப் தி இத்தாலியன் வில்லாஸ் (1906)