பின்கட்டு அணில் முதல் காட்டு யானை வரை: சொந்தமாக கேமரா பூட்டிப் படம் எடுத்த மா.கிருஷ்ணன் யார்?

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்கள் எல்லார் கையிலும் இப்போது கேமரா இருக்கிறது. 14 கிலோமீட்டர் நடந்து முடிப்பதற்குள் மலை, மயில், குரங்கு, மழைக்குப் பிறகு பாறையில் வழியும் தண்ணீர் என்று ஸ்டேட்டஸ் போட ஏதாவது ஒன்று சிக்கிவிடும். அந்தப் படங்களில் மலைச்சரிவில் தெரியும் பச்சை தானாக வந்ததில்லை. சில பத்தாண்டுகளுக்கு முன்பு வரை மலையின் பெரும்பகுதி பாறையும் காய்ந்த புல்லுமாகத்தான் கிடந்தது. 1980-களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் கன்று நட்டு, தண்ணீர் சுமந்து, கோடையில் புல் பற்றிக்கொண்டால் ஓடிப்போய் அணைத்துத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகக் காடாகிக்கொண்டு வருகிறது.

அங்கே நடுவதற்கு அவர்கள் தேடுவது நாட்டு மரங்களை. இந்த மண்ணுக்கு எது சொந்தமோ அதை நட வேண்டும் என்பது இன்று நர்சரியில் கன்று விற்பவர் கூடச் சொல்லும் விஷயமாகிவிட்டது. ஆனால் பூங்காவும் சாலையோரமும் வெளிநாட்டு அலங்கார மரங்களால் நிரம்பிக்கொண்டிருந்த காலத்திலேயே, கிட்டத்தட்ட தனி ஆளாக நின்று இதைச் சொன்னவர் ஒருவர் உண்டு. வேலையை விட்டுவிட்டு எழுத்தையும் கேமராவையும் மட்டும் நம்பி வாழ்ந்தவர் அவர். பெயர் மா.கிருஷ்ணன்.

இந்தியாவின் முன்னோடி இயற்கை எழுத்தாளர், காட்டுயிர்ப் புகைப்படக்காரர் என்று ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு அவரை நன்றாகத் தெரியும். தமிழில் அவர் பெயர் பரவலாகத் தெரிய அவர் இறந்து சில வருஷம் ஆக வேண்டியிருந்தது. கொஞ்சம் வேடிக்கைதான். ஏனென்றால் அவர் அப்பா தமிழ் நாவலின் முன்னோடிகளில் ஒருவரான அ.மாதவையா. 1898-ல் வந்த பத்மாவதி சரித்திரத்தை எழுதியவர்.

மயிலாப்பூரில் நரி ஓடிய காலம்

கிருஷ்ணன் பிறந்தது 1912 ஜூன் 30, திருநெல்வேலியில். வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. உப்பு இலாகாவில் அதிகாரியாக இருந்த மாதவையா, ஓய்வுக்குப் பிறகு சென்னை மயிலாப்பூரில் எட்வர்டு எலியட்ஸ் சாலையில் குடியேறினார். இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்று சொல்கிறோமே, அதேதான். சொந்த ஊர் நினைவாக அந்த வீட்டுக்குப் பெருங்குளம் ஹவுஸ் என்று பெயர்.

இப்போது சிக்னலுக்கு சிக்னல் வண்டி நிற்கும் அந்தப் பகுதியில் அப்போது புதர்க்காடு இருந்தது. நரி வரும், வெளிமான் திரியும், பறவைகளுக்குக் கணக்கே இல்லை. சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தார். பிற்காலத்தில் அவர் எழுதியதற்கெல்லாம் அடித்தளம் இங்கேதான் விழுந்தது. காட்டுக்குப் போய்த்தான் உயிரினங்களைப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்ததில்லை. வாசலைத் தாண்டினால் போதும்.

1925-ல் பெரிய அடி. சென்னைப் பல்கலைக்கழக செனட் கூட்டத்தில், பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று பேசிய மாதவையா அந்த அவையிலேயே உயிரிழந்தார். கிருஷ்ணனுக்கு அப்போது 13 வயது. அதன்பிறகு அவரை வளர்த்ததில் அக்கா லட்சுமிக்குப் பெரிய பங்கு உண்டு.

மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தார். பேராசிரியர் பி.எஃப்.ஃபைசன், நீலகிரி மற்றும் பழனி மலை உச்சிகளின் தாவரங்களைப் பற்றிப் பெரிய நூலே எழுதியவர். அவரோடு மலைக்குப் போய் செடி பார்க்கும் பயிற்சி கிடைத்தது. ஃபைசனின் மனைவியிடமிருந்து நீர்வண்ண ஓவியமும் கற்றுக்கொண்டார். ஒரு இலையைப் பார்த்து வரைய உட்காரும்போது, அதன் விளிம்பு ரம்பம் போல் இருக்கிறதா, வழுவழுப்பாக இருக்கிறதா என்று கவனிக்காமல் தப்பிக்க முடியாது. பின்னாளில் அவர் எடுத்த படங்களிலும் இந்தக் கண் தெரியும்.

பிறகு சட்டமும் படித்தார். ஆனால் நிலையான வேலை அமையவில்லை. அச்சகம், வானொலி என்று கொஞ்ச காலம். பத்திரிகைகளுக்குப் படம் வரைந்தும் எழுதியும் கொஞ்ச காலம். 1942-ல் பெல்லாரி பக்கத்தில் இருந்த சண்டூர் என்ற குட்டி சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி, மகாராஜாவின் அரசியல் செயலாளர் என்று ஒரே ஆள் மாறி மாறி எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தார். மீதி நேரத்தில் மலைகளைச் சுற்றினார். ஆடு மேய்த்துப் பார்த்தார். புறா வளர்த்து, புறா மூலம் தபால் அனுப்ப முடியுமா என்றும் சோதித்தார். பொழுதுபோக்கு என்றால் அவருக்கு இதுதான்: எதையாவது சொந்தக் கையால் செய்து பார்க்க வேண்டும்.

சம்பளம் இல்லாத 46 வருஷம்

1949-ல் சண்டூர் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. 37 வயதில், குடும்பத்தோடு, கிருஷ்ணன் மயிலாப்பூருக்குத் திரும்பினார். இனி யாரிடமும் வேலை பார்ப்பதில்லை, எழுதியும் படம் எடுத்துமே சம்பாதிப்பது என்று முடிவெடுத்தார். இன்றைக்கே யூடியூப் வருமானத்தை நம்பி வேலையை விட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1949-ல், அதுவும் அணிலையும் காக்கையையும் பற்றி எழுதிப் பிழைக்கப் போகிறேன் என்றால்?

1950-ல் கல்கத்தாவின் தி ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் கன்ட்ரி நோட்புக் என்ற பத்தியைத் தொடங்கினார். இரண்டு வாரத்துக்கு ஒன்று. 1996 வரை, 46 வருஷம் அது ஓடியது. தோராயமாகக் கணக்குப் போட்டால் ஆயிரம் கட்டுரைகளைத் தாண்டும். யானை, புலி எல்லாம் அதில் உண்டு. ஆனால் வீட்டுச் சுவர்ப் பல்லி, தெரு நாய், தவிட்டுக்குருவி, கழுதை இவற்றுக்கும் அதே மரியாதைதான். 1961-ல் வெளிவந்த அவர் புத்தகம் ஒன்றின் தலைப்பிலேயே காடும் பின்கட்டும் ஒன்றாக நிற்கும்: ஜங்கிள் அண்ட் பேக்யார்டு.

வேட்டைக் கதைகள்தான் காட்டைப் பற்றிய எழுத்து என்று இருந்த காலத்தில், துப்பாக்கியே இல்லாமல், சும்மா உட்கார்ந்து பார்த்ததை எழுதியதுதான் இதில் புதுசு.

சூப்பர் பாண்டரோசா

கேமரா விஷயத்துக்கு வருவோம். கிருஷ்ணன் படம் எடுத்தது கறுப்பு வெள்ளையில். கலர் ஃபிலிம் வந்து, எல்லோரும் அதற்கு மாறிய பிறகும் அவர் மாறவில்லை.

அவர் உபயோகித்த கருவிதான் சுவாரசியம். பெரிய ஃபிலிம் போடும் கேமரா உடல் ஒரு இடத்தில் இருந்து, டெலி லென்ஸ் வேறு இடத்தில் இருந்து. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பாகங்களை அவரே பொருத்தி ஒரு கேமராவாக்கினார். அதற்கு சூப்பர் பாண்டரோசா என்று செல்லப்பெயர் வேறு. பெயரைக் கேட்டாலே கனம் தெரியும்.

இப்படி ஒன்றை வீட்டில் பொருத்துவது லேசுப்பட்ட வேலை இல்லை. லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள தூரம் துல்லியமாக இருக்க வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போனாலும் தூரத்தில் இருப்பது தெளிவாக விழாது. இணைப்பில் எங்காவது வெளிச்சம் கசிந்தால் ஃபிலிம் கெட்டுப்போகும். இவ்வளவு கஷ்டப்படுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஃபிலிம் பெரிதாக இருந்தால் நுணுக்கம் அதிகம் பதியும். யானைத் தோலின் சுருக்கம், காதின் கிழிசல், தந்தத்தின் வளைவு எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தாலும் கலையாது.

பதிலுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. கனம். மெதுவான இயக்கம். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது. நூறு தடவை அழுத்தி அதில் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொள்ளும் வசதி கிடையாது. எடுத்தது சரியாக வந்ததா என்று காட்டை விட்டு வந்து ஃபிலிமைக் கழுவிய பிறகுதான் தெரியும். இதைத் தூக்கிக்கொண்டு நடந்தும், பழக்கிய யானை மேல் ஏறியும் காட்டு யானைகளுக்கு அருகில் போனார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, யானைக்கு நம் வாடை போகுமா என்பது தெரியாமல் இந்த வேலையில் இறங்க முடியாது. அவர் படங்களில் யானைகள் கூட்டமாகத் தண்ணீர் குடிக்கும், குட்டி தாயின் காலிடுக்கில் நிற்கும். போஸ் கொடுத்தது போல் எதுவும் இருக்காது.

அவருக்குப் படம் ஒரு ஆதாரம். அழகு இரண்டாவதுதான். 1960-களின் இறுதியில் ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தபோது தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைக் காடு காடாகப் போய் ஆராய்ந்தார். 1959 முதல் 1970 வரை பார்த்துப் பதிவு செய்தவை 1975-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் வெளியீடாகப் புத்தகமாயின. ஆராய்ச்சி நிறுவனம் எதிலும் வேலை பார்க்காத ஒருவர் செய்தது இது.

குல்மோகர் மேல் என்ன கோபம்?

கிருஷ்ணன் யாரோடும் சமரசம் செய்துகொள்ளாத விஷயம் மரம். மே மாதம் ஊரெல்லாம் சிவப்பாகப் பூக்கும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. நீலப் பூ ஜக்கரண்டா தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தோட்டக்கலைக்காரர்களும் நகராட்சிகளும் இவற்றை ஆசையாக நட்டபோது, நம்ம ஊர் மரங்கள் இருக்க இவை எதற்கு என்று விடாமல் எழுதினார். ஒரு நாட்டின் அடையாளம் மாறிக்கொண்டே இருக்கும் மனிதப் பழக்கவழக்கங்களை விட, அதன் நிலத்திலும் தாவரங்களிலும் விலங்குகளிலும்தான் உறுதியாக இருக்கிறது என்பது அவர் வாதம். தேசப்பற்று என்றால் புங்கனையும் மருதையும் காப்பாற்றுவதும் அதில் சேர்த்திதான் என்று நினைத்தார்.

மிளகாயும் தக்காளியும் கூட வெளியிலிருந்து வந்தவைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வயலில் விளைந்து வயிற்றுக்குப் போவது வேறு, வெறும் பூவின் நிறத்துக்காக ஊர் முழுக்க ஒரே மரத்தை நடுவது வேறு என்று பிரித்துப் பார்த்தால் அவர் கோபம் புரியும். பிறகு வந்த அனுபவமும் அவர் பக்கம்தான் சாய்கிறது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போடும் நிலை வந்தது. 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையைத் தாக்கி ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தபோது, எந்த மரம் நட்டோம் என்ற கேள்வி பெரிதாக எழுந்தது.

இன்னொரு வருத்தமும் அவருக்கு இருந்தது: மரங்களின் பெயர்களை மக்கள் மறந்துகொண்டே போகிறார்கள் என்பது. குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வரும் மொழி இது. அந்த மொழியைப் பேசுகிறவர்களில் எத்தனை பேருக்கு தங்கள் தெருவில் நிற்கும் பத்து மரங்களின் பெயர் தெரியும்? பழந்தமிழ் இலக்கியம் நன்றாகத் தெரிந்த தாவரவியல்காரருக்கு இது வலித்திருக்கும்.

எல்லோருக்கும் பிடித்த மனிதர் இல்லை அவர். கறாரானவர். தான் பார்க்காததைச் சொல்ல மாட்டார், மற்றவர்கள் பார்க்காமல் சொன்னால் விடமாட்டார். இந்திய வனவிலங்கு வாரியத்தில் உறுப்பினராக இருந்தார், பத்மஸ்ரீ வந்தது, 1995-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் குளோபல் 500 கௌரவமும் வந்தது. ஆனாலும் பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பித்தான் பிழைப்பு நடந்தது.

1996 பிப்ரவரி 18 அன்று, 83 வயதில் சென்னையில் காலமானார். அன்றைய ஸ்டேட்ஸ்மனிலும் அவருடைய கன்ட்ரி நோட்புக் வெளியாகியிருந்தது. அவர் நினைவாக மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி இயற்கை எழுத்துக்கு ஒரு விருது வழங்குகிறது.

அவரைத் தமிழிலேயே படிக்க வழி இருக்கிறது. சு.தியடோர் பாஸ்கரன் தொகுத்த மழைக்காலமும் குயிலோசையும், பெருமாள்முருகன் பதிப்பித்த பறவைகளும் வேடந்தாங்கலும் ஆகிய இரண்டும் காலச்சுவடு வெளியீடுகள். கதிரேசன் செட்டியாரின் காதல் என்று ஒரு துப்பறியும் நாவலும் எழுதியிருக்கிறார், நம்ப கஷ்டமாக இருந்தாலும். சூப்பர் பாண்டரோசா காலத்துப் படங்களைப் பார்க்க வேண்டுமென்றால் 2006-ல் வந்த ஐ இன் தி ஜங்கிள் என்ற ஆங்கிலத் தொகுப்பைத் தேடலாம். அந்த யானைகளை மொபைல் திரையில் பார்ப்பதை விட அச்சில், பெரிய பக்கத்தில் பார்ப்பது நல்லது.