ஜவுளிக்கடைக்காரரின் பொழுதுபோக்கு

ஓய்வு நேரத்தில் சிலர் தோட்டம் போடுவார்கள். சிலர் தபால் தலை சேர்ப்பார்கள். ஹாலந்து நாட்டு ஜவுளி வியாபாரி ஒருவர், ஓய்வு நேரத்தில் கண்ணாடித் துண்டுகளைத் தேய்த்துக்கொண்டு இருந்தார். அந்தப் பொழுதுபோக்குதான் கிருமிகளின் உலகத்தை மனிதனுக்கு முதன் முதலில் காட்டியது.

அவர் பெயர் ஆன்டனி வான் லீவன்ஹூக்.

கூடை முடைபவர் மகன்

1632-ம் ஆண்டு டெல்ப்ட் என்ற ஊரில் அவர் பிறந்தார். தகப்பனார் கூடை முடைபவர். மகன் சிறு பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார்.

லீவன்ஹூக் 16-வது வயதில் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு ஜவுளிக்கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். 1654-ல் ஊர் திரும்பினார். திருமணம் செய்துகொண்டு, சொந்தக் கடை வைத்தார். பிறகு நகர மண்டபத்தைக் கவனித்துக்கொள்ளும் உத்தியோகமும் கிடைத்தது.

அவர் கல்லூரிக்குப் போனதில்லை. அந்தக் காலத்து அறிஞர்களின் மொழியான லத்தீனும் தெரியாது. தாய்மொழியான டச்சு மட்டுமே தெரியும்.

உள்ளங்கையில் ஒரு கருவி

துணியில் நூல் நெருக்கமாக ஓடுகிறதா என்று பார்க்க, ஜவுளி வியாபாரிகள் பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லீவன்ஹூக் அதோடு நிற்கவில்லை. தாமே கண்ணாடி செய்யத் தொடங்கினார். கடுகு போன்ற சிறிய கண்ணாடியை இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே பொருத்தினார். பார்க்க வேண்டிய பொருளை ஓர் ஊசி முனையில் வைத்தார். கருவியைக் கண்ணோடு ஒட்டி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தார்.

மைக்ராஸ்கோப்பு முன்பே இருந்தது. ஆனால் இவருடைய சின்னக் கருவி அவற்றை எல்லாம் மிஞ்சிவிட்டது. இன்று எஞ்சியிருக்கும் அவருடைய கருவிகளில் ஒன்று, பொருளைச் சுமார் 270 மடங்கு பெரிதாக்கிக் காட்டுகிறது!

மிளகுத் தண்ணீரில் அதிசயம்

1674-ல் ஏரித் தண்ணீரைப் பார்த்தார். அதில் சின்னஞ்சிறு உயிர்கள் நீந்தின!

மிளகு ஏன் காரமாக இருக்கிறது என்று அறிய அவருக்கு ஆசை. மிளகைத் தண்ணீரில் ஊறப் போட்டார். 1676-ல் அந்தத் தண்ணீரைப் பார்த்தபோது, இன்னும் சிறிய உயிர்கள் தெரிந்தன. காரத்தின் காரணம் கிடைக்கவில்லை, கிருமிகள் கிடைத்தன!

லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி என்ற அறிஞர் சங்கத்துக்கு இதை எழுதினார். சங்கத்தார் எளிதில் நம்பவில்லை. பாதிரிமார் உள்படப் பலரை அழைத்துக் காட்டி, அவர்களிடம் சாட்சிக் கடிதம் வாங்கி அனுப்பினார். 1677-ல் ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி தாமே சோதித்துப் பார்த்தார். ஜவுளி வியாபாரி சொன்னது உண்மை என்று தெரிந்தது. 1680-ல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

அவர் தினமும் உப்பால் பல் துலக்குவார். அப்படியும் 1683-ல் தம் பல் அழுக்கை எடுத்துப் பார்த்தபோது, அதிலும் உயிர்கள் நெளிந்தன! 1698-ல் ரஷ்ய மன்னர் மகா பீட்டர் டெல்ப்ட் வந்தார். லீவன்ஹூக்கை வரவழைத்து, விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் கருவியில் கண்டு வியந்தார்.

சொல்லாத ரகசியம்

கண்டதை எல்லாம் லீவன்ஹூக் உலகத்துக்குச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மிகச் சிறந்த கண்ணாடிகளை எப்படிச் செய்தார், எப்படிப் பார்த்தார் என்பதே அது. இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று ஜெர்மன் அறிஞர் லைப்னிட்ஸ் யோசனை கூறினார். லீவன்ஹூக் இணங்கவில்லை.

1723-ல், 90-வது வயதில் அவர் காலமானார். அவருக்குப் பிறந்த 5 குழந்தைகளில், வளர்ந்து ஆளானவர் மரியா என்ற மகள் மட்டுமே. தந்தை விரும்பியபடி, அந்த மகள் வெள்ளியில் செய்த 26 கருவிகளை லண்டன் சங்கத்துக்கு அனுப்பி வைத்தார். பிற்காலத்தில் அவையும் காணாமல் போயின.

அவருக்குப் பிறகு நூறு ஆண்டுக்கு மேல் கிருமி ஆராய்ச்சி அதிகம் முன்னேறவில்லை. கிருமிகளால் நோய் வரும் என்று 1860-ம் ஆண்டுக்குப் பிறகுதான் பாஸ்டர் போன்றவர்கள் நிலைநாட்டினார்கள். தொழில் நுட்பத்தை நாலு பிள்ளைகளுக்கு அவர் சொல்லிக்கொடுத்திருந்தால், அந்த நாள் முன்னதாகவே வந்திருக்கலாம்.

பொழுதுபோக்கு சிறியது என்று யாரும் நினைக்க வேண்டாம். பொறுமையோடு செய்தால், படிக்காத மேதைக்கும் அது பெருமை தரும். பிறருக்கும் கற்றுக்கொடுத்தால், செய்தவர் மறைந்த பின்னும் அது ஊருக்கு உதவும்.