கரியில் பஸ் ஓட்டியவர்: டி.வி.சுந்தரம் அய்யங்கார்

ஆர்.கே.பேட்டை, நெசவாளர்கள் நிறைந்த ஊர். அங்கே தறி ஓட வேண்டும் என்றால் வெளியூரில் இருந்து நூல் வர வேண்டும். நெய்த துணி வெளியூருக்குப் போக வேண்டும். இரண்டுக்கும் லாரி வேண்டும்.

திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி வட்டாரத் தொழிற்சாலைகளுக்கும் இதே கதைதான். லாரி நின்றால் வேலை நிற்கும். வேலை நின்றால் கூலி நிற்கும்.

புது லாரியை ஓட்டுவது பெரிய காரியம் அல்ல. பழைய லாரியை நிற்காமல் ஓட வைப்பதுதான் வித்தை. அதை மெக்கானிக்குகளும் டிரைவர்களும் நன்றாக அறிவார்கள்.

இந்த வித்தையை நம்பியே ஒரு பெரிய தொழிலைக் கட்டி எழுப்பினார் ஒரு தமிழர். லாரிப் பட்டறைகளில் எல்லாம் தெரிந்த 'டி.வி.எஸ்.' என்ற மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர் அவர். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

மூன்று வேலைகள்

திருநெல்வேலிச் சீமையில் உள்ள ஊர் திருக்குறுங்குடி. பெருமாள் கோவிலுக்குப் பெயர் பெற்ற தலம். அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் 22-ந் தேதி சுந்தரம் அய்யங்கார் பிறந்தார். பெயருக்கு முன்னால் உள்ள 'டி' என்ற எழுத்து, அந்தத் திருக்குறுங்குடியைத்தான் குறிக்கிறது.

அவர் முதலில் வக்கீலாக இருந்தார். பிறகு ரெயில்வேயில் வேலை பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் வேலை பார்த்தார்.

மூன்றுமே கவுரவமான வேலைகள். மாதம் பிறந்தால் சம்பளம் வரும். கவலை இல்லாமல் காலம் தள்ளலாம். அந்தக் காலத்தில் படித்த குடும்பத்தினர் விரும்பியதும் அதைத்தான்.

ஆனால் சுந்தரம் அய்யங்கார் வேலையை விட்டார். மதுரையில் மர வியாபாரத்தில் இறங்கினார். 1911-ல் தம்முடைய பெயரில் கம்பெனி தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34.

மறு ஆண்டு, 1912-ல், அவர் மதுரையில் பஸ் விட்டார். தென்னாட்டில் மோட்டார் போக்குவரத்துத் தொழிலுக்கு அது அஸ்திவாரம் ஆயிற்று.

ஆணி என்ற எதிரி

அந்தக் காலத்துச் சாலை இன்றைய சாலை போன்றது அல்ல. தார் கிடையாது. கப்பிக் கல்லும் புழுதியும்தான். மழை பெய்தால் சேறு. வழியில் மாட்டு வண்டிகளும் ஜட்காக்களும் போய்க்கொண்டிருக்கும்.

வண்டி கிளம்புவதே ஒரு போராட்டம். முன்பக்கத்தில் இரும்புக் கம்பியைச் செருகி, கையால் சுற்ற வேண்டும். சுற்றும்போது என்ஜின் திருப்பி அடித்தால் கை எலும்பு முறிந்துவிடும்.

வெளிநாட்டில் இருந்து கப்பலில் வந்தது அடிச்சட்டமும் என்ஜினும் மட்டும்தான். மேலே உள்ள பாடியை இங்கே தச்சர்கள் மரத்தால் கட்டினார்கள். ஒரு பாகம் உடைந்தால், மாற்றுப் பாகம் கடல் தாண்டி வர வேண்டும். அதுவரை வண்டி ஷெட்டில் கிடக்கும்.

ஷெட்டில் கிடக்கும் வண்டி சம்பாதிக்காது. ஆகவே, பழுது வந்த பிறகு பார்ப்பதைவிட, பழுது வரும் முன்பே பார்ப்பது மேல் என்ற வழியை சுந்தரம் அய்யங்கார் கையாண்டார்.

ஒரு சிறு போல்ட் தளர்ந்தால் அன்றே முடுக்கினால் போதும். செலவு ஒன்றும் இல்லை. விட்டுவிட்டால் அது ஒரு நாள் கழன்று விழும். அதோடு பெரிய பாகம் ஒன்றும் உடையும். நடுவழியில் 30 பேர் இறங்கி நிற்க வேண்டி வரும். தினமும் பார்ப்பதற்கும் பாராமல் விடுவதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

இன்னொரு எதிரியும் இருந்தது. அது மாட்டு லாடத்தில் இருந்து கழன்று சாலையில் விழும் ஆணி. பஸ் டயரில் ஏறினால் பஞ்சர் ஆகிவிடும். இதற்காக காந்தம் பொருத்திய வண்டியை சாலையில் விட்டு, ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று மதுரைப் பக்கம் சொல்வார்கள். டி.வி.எஸ். பஸ் வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்றும் ஒரு பேச்சு உண்டு.

பஸ் நேரத்துக்கு வந்தது டிரைவரின் திறமையால் மட்டும் அல்ல. முதல் நாள் இரவு பட்டறையில் விளக்கு எரிந்ததாலும்தான்!

யுத்தம் வந்தது

1939-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. அது மதுரை பஸ்ஸையும் தொட்டது.

1942-ல் ஜப்பானியப் படைகள் மலேயாவையும் சிங்கப்பூரையும் பிடித்தன. ரப்பர் வருவது குறைந்தது. அதே ஆண்டு பர்மாவும் விழுந்தது. பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளில் இருந்து இந்தியாவுக்கு வந்த எண்ணெய் நின்றது.

பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. புது லாரிகள் ராணுவத்துக்குப் போயின. ஊர் மக்களுக்கு மிஞ்சியவை பழைய வண்டிகள்தான். அவற்றுக்கும் பெட்ரோல் இல்லை. டயரும் இல்லை.

பல ஊர்களில் பஸ்கள் நின்றன. சந்தைக்குப் போக வேண்டிய காய்கறி தேங்கியது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மறுபடியும் மாட்டு வண்டியைத் தேட வேண்டியதாயிற்று. பஸ்ஸை நம்பிப் பிழைத்த டிரைவர், கண்டக்டர், கிளீனர் குடும்பங்களின் கதி என்ன?

சுந்தரம் அய்யங்காருக்கு அப்போது 60 வயது தாண்டிவிட்டது. வண்டிகளை நிறுத்திவிட்டு, யுத்தம் முடியட்டும் என்று அவர் காத்திருக்கலாம். ஆனால் அவர் அப்படிச் செய்யவில்லை. பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓட்ட வழி தேடினார்.

அந்த வழி, அடுப்புக் கரி!

கரி எப்படி வண்டியை ஓட்டியது?

கரியை நிறையக் காற்று விட்டு எரித்தால் முழுவதும் எரிந்து போகும். காற்றைக் குறைத்து எரித்தால், கார்பன் மோனாக்சைடு என்ற வாயு உண்டாகும். இந்த வாயு தீப்பற்றக் கூடியது. அதைக் குழாய் வழியாக என்ஜினுக்கு அனுப்பினால், பெட்ரோல் ஆவி செய்யும் வேலையை அது செய்யும்.

இதற்காக அவர் தயாரித்த சாதனத்துக்கு 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்று பெயர்.

இத்தகைய கரிவாயு பஸ்ஸின் பின்புறத்தில், பீப்பாய் போன்ற ஓர் இரும்பு அடுப்பு இருக்கும். மேலே கரியைக் கொட்டுவார்கள். கீழே நெருப்பு வைப்பார்கள். சிறு காற்றாடியைக் கையால் சுற்றுவார்கள். கொஞ்ச நேரத்தில் வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, சாம்பலையும் தூசியையும் வடிகட்டி, என்ஜினுக்குள் விடுவார்கள்.

பெட்ரோல் வேகம் இதற்குக் கிடையாது. என்ஜின் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைந்துவிடும். மேடு வந்தால் வண்டி திணறும். பிரயாணிகள் இறங்கித் தள்ளுவதும் உண்டு.

வடிகட்டியைத் தினமும் சுத்தம் செய்யாவிட்டால், சாம்பல் தூள் என்ஜினுக்குள் போகும். பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்து, வண்டியே கெட்டுப்போகும். இன்னோர் அபாயமும் உண்டு. கார்பன் மோனாக்சைடு விஷ வாயு. அதற்கு வாசனை கிடையாது. மூடிய ஷெட்டுக்குள் குழாய் கசிந்தால் ஆள் செத்துப்போவான்.

ஆகவே, கரி வண்டியை ஓட்டக் கரி மட்டும் போதாது. ஒழுங்கான பராமரிப்பும் வேண்டும். 30 ஆண்டுகளாக டி.வி.எஸ். பட்டறை பழகியிருந்ததும் அதுதான்.

தேய்ந்த டயருக்கு மறு பிறவி

அடுத்தது டயர். சுந்தரம் அய்யங்கார், தேய்ந்த டயரைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையும் தொடங்கினார்.

டயரில் சாலையைத் தொடுவது மேலே உள்ள ரப்பர் பட்டன் மட்டும்தான். தேய்வதும் அதுதான். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு கெடாமல் இருந்தால், டயருக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம்.

பழைய ரப்பரைச் சுரண்டி எடுப்பார்கள். ரப்பர் பசை தடவுவார்கள். அதன் மேல் புது ரப்பரைச் சுற்றி, அச்சுக்குள் வைத்து வேக வைப்பார்கள். ரப்பர் ஒட்டி இறுகிவிடும். பட்டனும் பதிந்துவிடும். டயர் மறுபடியும் ஓடத் தயார்.

புது டயர் வாங்குவதைவிட இதற்குச் செலவு குறைவு. இன்றும் லாரிக்காரர்கள் இதைச் செய்கிறார்கள்.

மகளும் மகன்களும்

சுந்தரம் அய்யங்காரின் மகள் சவுந்தரம். 1904-ல் பிறந்தவர். சிறு வயதில் மணமாகி, இளமையிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்கள் வீட்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்த காலம் அது.

சவுந்தரம் ஒடுங்கவில்லை. டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்தார். 1936-ல் டாக்டர் ஆனார். 1940-ல் காந்தியவாதி ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து 1947-ல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். 1962-ல் டாக்டர் சவுந்தரம் மத்திய கல்வித் துணை மந்திரி ஆனார்.

மகன்கள் ராஜம், சீனிவாசன், கிருஷ்ணா, சந்தானம் ஆகியோர் தந்தையின் தொழிலில் இறங்கினார்கள். உதிரி பாகங்கள் விற்க 'மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ்', வண்டிகள் விற்க 'சுந்தரம் மோட்டார்ஸ்', பஸ்ஸும் லாரியும் ஓட்ட 'சதர்ன் ரோட்வேஸ்' என்று கிளைகள் பிரிந்தன.

வண்டி வாங்கப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? அதற்கும் வழி பிறந்தது. 1954-ல் சந்தானம் 'சுந்தரம் பைனான்ஸ்' கம்பெனியை ஆரம்பித்தார். அதன் மூலதனம் 2 லட்சம் ரூபாய். தவணையில் கடன் பெற்று, லாரி வாங்க அது உதவியது.

பொறுப்பை மகன்களிடம் ஒப்படைத்துவிட்டு, சுந்தரம் அய்யங்கார் ஓய்வு பெற்றார். 1955-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

அவருக்குப் பின்

சுந்தரம் மோட்டார்ஸ், அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்று வந்தது. அந்தக் கம்பெனி 1928 முதல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டி வந்தது. 1954-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டது.

கம்பெனி போய்விட்டாலும், அதன் லாரிகள் நம் சாலைகளிலேதான் இருந்தன. அவற்றை ஓட வைக்க வேண்டும். வெளிநாட்டுப் பாகத்துக்காகக் காத்திருந்தால் முடியுமா? பாகங்களை இங்கேயே செய்யும் காலம் வந்தது.

1960-களில் சென்னையை அடுத்த பாடியில் டி.வி.எஸ். தொழிற்சாலைகள் எழும்பின. லாரிச் சக்கரம், பிரேக், காற்று பிரேக், மின்சாரச் சாதனங்கள் எல்லாம் அங்கே தயாராயின. கடல் தாண்டி வந்த பாகங்கள், பஸ் ஏறிப் போய் வாங்கும் தூரத்துக்கு வந்துவிட்டன.

டி.வி.எஸ். பஸ்கள் 1972-ல் அரசுடைமை ஆயின. அவற்றைக் கொண்டு மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. பஸ்ஸின் பக்கத்தில் எழுதியிருந்த பெயர் மாறியது.

இன்றைய பட்டறையில்

இன்றும் பழைய லாரியைப் புதுப்பிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் செய்வது என்ன?

பல ஆண்டு ஓடாமல் கிடந்த லாரியில் எடுத்தவுடன் சாவி போடமாட்டார்கள். பிஸ்டன் துருவில் ஒட்டியிருக்கலாம். சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு ஊற வைப்பார்கள். பிறகு கையால் மெல்லத் திருப்பிப் பார்ப்பார்கள்.

டாங்கியில் உள்ள பழைய டீசலை இறக்கிக் கழுவுவார்கள். ரேடியேட்டரில் அடைத்த துருவை வெளியேற்றுவார்கள். பிரேக் ரப்பர்களை மாற்றுவார்கள். எலி கடித்த ஒயரைப் பிரித்துப் புதிதாகப் போடுவார்கள். பட்டன் தேயாமல் இருந்தாலும், வயதான டயரை நம்ப மாட்டார்கள். ஏனென்றால் ரப்பர் நின்ற இடத்திலேயே வெடிக்கும்.

லாரியை ஓட வைக்கும் முன்பு, அதை நிறுத்தும் பிரேக் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வர்ணம் பூசுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான்.

பழைய வண்டியை இரும்புக் கடைக்கு அனுப்புவது சுலபம். அதன் நோய் என்ன என்று பொறுமையாகக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டத்தைத் தினசரி வேலையாக ஆக்கிக்கொண்டதால்தான், பெட்ரோல் இல்லாத காலத்திலும் சுந்தரம் அய்யங்காரின் பஸ் கரியில் ஓடியது.

விடியற்காலையில் லாரியைக் கிளப்பும் முன்பு டிரைவர் எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்கிறார். கிளீனர் கையில் சுத்தியலோடு, ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்க்கிறார். அந்த ஐந்து நிமிட வேலை முடிந்த பிறகே வண்டி சாலைக்குப் போகிறது.