முழவின் கணக்கறிந்த இராமன்

உலகறிந்த பெரியார் ஒருவரை அவர் பெற்ற பரிசு ஒன்றைக்கொண்டே அளந்துவிடுதல் மக்கள் இயல்பு. சர் சந்திரசேகர வெங்கடராமன் என்றவுடன் ஒளிச் சிதறலும் 1930-ஆம் ஆண்டின் நோபெல் பரிசுமே யாவர்க்கும் நினைவில் எழுகின்றன. பெப்ருவரித் திங்கள் 28-ஆம் நாள் நாடெங்கும் அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுவதும் அவ்வொளி ஆராய்ச்சி பற்றியே. யாமும் சேலத்துப் பள்ளியிற் பயின்ற காலத்தில் அவ்வளவே அறிந்திருந்தோம். ஆயின், ஒளியின்பால் தம் உள்ளத்தை முற்றிலும் திருப்புமுன்னர் அவர் பல்லாண்டுகள் ஒலியோடு வாழ்ந்தவர் என்பதும், வீணை, தம்புரா, மிருதங்கம் ஆகிய நம் கருவிகளைத் தம் ஆய்வுச்சாலையில் வைத்து அவற்றின் உட்பொருளை வினவியவர் என்பதும் பலர் அறியாதவை. தமிழ்ச் சிறப்பு வகுப்பில் அமர்ந்திருக்கும் எமக்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று அறிவியல் மாணவர் நகைக்கக்கூடும். முழவும் யாழும் தமிழ் நூல்களிற் பயின்றுவரும் பொருள்கள் ஆதலின், அவ்வழியே சிறிது உரிமை எமக்கும் உண்டு என்று கொள்க.

இராமன் 1888-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர். தாயார் பார்வதி அம்மாள். தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பிக்கும் ஆசிரியர். இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உடையவர். அவர் விசாகப்பட்டினத்துக் கல்லூரிக்கு மாறிச் செல்லவே, இளமைக் கல்வி அவ்வூரில் நிகழ்ந்தது. பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேர்வில் வெற்றி. 1904-இல் சென்னை மாநிலக் கல்லூரியிற் பி.ஏ. பட்டம், 1907-இல் எம்.ஏ. பட்டம். இவ்விரண்டிற்கும் இடையே, 1906-இலேயே, அவருடைய முதற் கட்டுரை இலண்டனில் வெளியாகும் ஆய்விதழ் ஒன்றில் அச்சேறிவிட்டது. எம் வகுப்பில் அவ்வயதினர் பலர் உளர். எம்மையும் சேர்த்து, கட்டுரை அச்சேறப் பெற்றார் இல்லை.

அக்காலத்து மாணவப் பருவத்தில் அவர் கையிற் கிடைத்த நூல்களுள் ஒன்று ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863-இல் வெளியிட்ட இசையொலி பற்றிய பெருநூல். தம் உள்ளத்தை உருவாக்கிய மூன்று நூல்களுள் அதனை ஒன்றாகப் பிற்காலத்தில் அவரே எண்ணியிருக்கின்றார். அந்நூலின் கருத்தைச் சுருக்கி உரைத்தாலன்றி மேற்செல்லல் இயலாது. ஒரு கம்பியை மீட்டினால் நாம் கேட்பது ஒரே ஒலி என்று எண்ணுகின்றோம். உண்மையில் அஃது ஒரு கூட்டம். விநாடிக்கு 100 முறை அதிரும் அடியொலியோடு 200, 300, 400 என மடங்கு மடங்காக அதிரும் மெல்லிய ஒலிகளும் உடன் எழுகின்றன. இவற்றையே மேற்சுரங்கள் என்பர். எம்மேற்சுரம் மிகுந்தும் எது குறைந்தும் நிற்கின்றது என்பதே வீணையொலியைக் குழலொலியினின்றும் பிரித்துக் காட்டுகின்றது. எவ்வகை ஒழுங்கான அதிர்வையும் இத்தகைய எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் பூரியே கண்ட உண்மை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் அதனைத் தலைகீழாகவும் செய்து பார்த்தார். மின்னாற்றலால் இயங்கும் இசைக்கவைகள் பலவற்றைச் சேர்ந்தொலிக்கச் செய்து, மனிதர் வாயினின்று எழும் உயிரொலிகளைப் போன்றவற்றை உண்டாக்கினார். ஒலியைக் கூட்டிச் சமைத்தல் என்னும் கலைக்கு அதுவே தொடக்கம் எனலாம்.

மேல்நாடு சென்று பயில இராமனுக்கு வாய்ப்பில்லை. அங்குள்ள குளிரைத் தாங்கும் உடலன்று இவருடையது என மருத்துவர் மறுத்துவிட்டனர். ஆகவே நிதித்துறைத் தேர்வெழுதி, 1907-இல் கல்கத்தாவில் உதவிக் கணக்காய்வுத் தலைவராக அமர்ந்தார். அதே ஆண்டில் உலோகசுந்தரி அம்மையாரை மணந்தார். அம்மையாரை அவர் முதன்முதற் கண்டபொழுது, அம்மையார் வீணை வாசித்துக்கொண்டிருந்தார் என்று சொல்லப்படுகின்றது.

அரசாங்க அலுவல், உயர்ந்த ஊதியம், பத்தொன்பதைக்கூட நிரம்பாத வயது. வேறொருவராயின் அவ்வளவில் நிறைவுற்றிருப்பர். இராமனோ, பௌபஜார் வீதியில் 210-ஆம் எண்ணுள்ள கட்டடத்தைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876-இல் நிறுவிய அறிவியற் கழகம் அது. ஆய்வுக்கருவிகள் இருந்தன, ஆய்வு செய்வாரைக் காணோம். அலுவலகம் திறக்குமுன் காலையிலும், அலுவல் முடிந்த பின் மாலையிலும் இரவிலும் இராமன் அங்கே உழைத்தார். அசுதோஷ் தே என்னும் உதவியாளர் உடனிருந்தார். இடையே இரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றலாகிச் சென்றபொழுதும் ஆராய்ச்சியை விட்டிலர். 1909-இலேயே, வங்கத்துப் பாணர் கையிலுள்ள ஒற்றை நரம்புக் கருவியாகிய ஏக்தாராவைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டார். 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. முன்னைய ஊதியத்திற் பெரும்பகுதியை இழக்க வேண்டும். அங்ஙனமே இழந்து அதனை ஏற்றார். கணக்கர் வேலையை ஒழுங்காகச் செய்தவர் ஒருவர் தம் கணக்கைத் தாமே இவ்வாறு எழுதிக்கொண்டார் என்பதை எண்ண எமக்கு வியப்பு மேலிடுகின்றது.

வயலினைப் பற்றி அவர் 1918-இல் வெளியிட்ட விரிந்த நூல் மேல்நாட்டாரையும் தலைநிமிர்ந்து பார்க்கச் செய்தது. மனிதர் கை ஒருகால் அழுத்தியும் ஒருகால் நெகிழ்த்தும் இழுக்குமாதலின், வில்லின் அழுத்தத்தையும் விரைவையும் அளப்பதற்கு ஓர் இயந்திரம் அமைத்தார். அதில் வில் அசையாது நிற்கும். வயலினே முன்னும் பின்னும் ஓடும். பின்னர் 1927-இல், ஜெர்மனியில் வெளியான பௌதிகப் பெருங்கோவையில் இசைக்கருவிகள் பற்றிய பகுதியை எழுதித் தருமாறு இவரையே வேண்டிக்கொண்டனர்.

இனி நம் கருவிகளுக்கு வருவோம். கம்பியின் எப்புள்ளி ஒரு மேற்சுரத்திற்கு அசையா நிலையோ, அப்புள்ளியில் மீட்டினால் அம்மேற்சுரம் எழாது என்பது யங் என்பார் கண்ட விதி. வீணையிலும் தம்புராவிலும் இராமன் அவ்வாறே மீட்டிப் பார்த்தார். எழாது என்ற சுரம் இனிது எழுந்தது! விதி பொய்யாயிற்றோ என்றால் இல்லை, குதிரையே வேறு. வயலினின் குதிரை கூர்மையான விளிம்புடையது. வீணையின் குதிரையோ அகன்று சிறிது வளைந்தது; கம்பி அதிருந்தோறும் அவ்வளைவைத் தொட்டும் விட்டும் உரசிச் செல்லும். தம்புராவிலோ கம்பிக்கும் குதிரைக்கும் இடையே ஒரு நூலிழையை வைப்பர். அவ்விழையை அணுவளவு நகர்த்தினால் ஒலி உயிர்பெறும். ஆதலின் அதற்கு ஜீவா என்றே பெயர். இவற்றையெல்லாம் 1921-இல் வெளியிட்ட கட்டுரையில் இராமன் விளக்கினார்.

ஆயினும் எம் உள்ளத்தை மிகவும் கவர்ந்தது முழவு பற்றிய ஆராய்ச்சியே. மேல்நாட்டு நூல்களில் முரசினம் இசைக்கருவி வரிசையில் கடையிடத்தே வைக்கப்பட்டிருந்தது. அதற்குக் காரணமும் இல்லாமற் போகவில்லை. இறுக்கிக் கட்டிய வட்டத் தோலைத் தட்டினால் எழும் ஒலிகள் 1, 2, 3 என முழு மடங்காக அமைவதில்லை, 1, 1.59, 2.14, 2.30, 2.65 எனக் கோணலாக அமையும். ஒன்றோடொன்று ஒவ்வாத அவ்வொலிகளின் கூட்டம் செவிக்கு முழக்கமாகுமேயன்றிச் சுரமாகாது. நம் மிருதங்கமோ சுருதி சேர்த்து வாசிக்கப்படுவது. இஃது எங்ஙனம் இயலும் என்று இராமன் வினவினார். சிவகாளி குமார் என்பாரோடு சேர்ந்து 1920-இல் ஒரு சிறு கட்டுரையும், பதினான்கு ஆண்டுகள் கழித்துத் தனியே ஒரு விரிந்த கட்டுரையும் எழுதினார். தோலின்மேல் நுண்மணலைத் தூவித் தட்டினார். அசையாத இடங்களில் மணல் கோடுகளாக ஒதுங்கி நின்று, அதிர்வின் வடிவத்தை வரைந்து காட்டிற்று. கண்ட முடிவு இது: முதல் ஒன்பது வகை அதிர்வுகளும் தனித்தனியே சிதறாமல், ஐந்து சுரங்களாகத் திரண்டு, 1, 2, 3, 4, 5 என்னும் முழு மடங்குகளில் நிற்கின்றன.

இதனைச் செய்வது வலந்தலையின் நடுவே கரிய வட்டமாக அப்பியிருக்கும் கரணையே. அதனைச் சோறு என்றும் வழங்குவர். அடியொலியில் தோலின் நடுவிடமே மிகுதியாக அசைவது. அங்கே பாரத்தை ஏற்றவே அடியொலி பெரிதும் தாழ்கின்றது. இரண்டாம் அதிர்விலோ நடுவிடம் அசைவதில்லையாதலின், பாரத்தின் தாக்கம் அதற்குக் குறைவு. இவ்வாறு ஒன்று தாழ, மற்றது அவ்வளவு தாழாமல் நிற்க, 1.59 ஆக இருந்த இடைவெளி விரிந்து 2 ஆகின்றது. கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாக அப்பித் தேய்த்து, ஒவ்வொரு படலத்திற்கும் தட்டிக் கேட்டு இதனை முடித்தவர் எண்ணறிந்தவர் அல்லர். அவர்தம் பெயர்களும் நூல்களில் இல்லை. வாசித்தவர் பெயர் நிற்கின்றது. தோலை ஆண்டவர் பெயர் நிற்கவில்லை. எமக்கு இதில் மனக்குறை உண்டு என்பதை மறைப்பதற்கில்லை.

1921-இல் கப்பலேறி இங்கிலாந்து சென்றபொழுது நடுநிலக் கடலின் நீலம் இராமனை ஆட்கொண்டது. அதன்பின் நிகழ்ந்தவை யாவரும் அறிந்தவை: 1928-இல் இராமன் விளைவு, 1930-இல் நோபெல் பரிசு, 1933-இல் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் தலைமை, 1948-இல் தம் பெயரால் ஓர் ஆய்வு நிலையம், 1954-இல் பாரத ரத்னா. 1970-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் மறைந்தார். தாம் அமைத்த நிலையத்தின் தோட்டத்திலேயே அவர் உடல் எரியூட்டப்பெற்றது.

சென்ற விடுமுறையில், விடுதியில் எம் அறையில் உடனுறையும் பௌதிக மாணவர், இராமன் கண்ட கணக்கை மாற்றி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். முழவைப் பிரித்தால் எண்கள் வருமெனின், எண்களைக் கூட்டினால் முழவு வரவேண்டுமன்றோ? தம் மடிக்கணினியில் தாமே ஒரு சிறு நிரல் எழுதினார். விநாடிக்கு 44,100 எண்களைக் கணித்து ஒலிபெருக்கிக்கு அனுப்புவது அது. முதலில் வெறுந்தோலின் கணக்கில் 150, 239, 320, 344, 398 ஆகிய அலைகளைக் கூட்டினார். பொத்தென்றொரு முழக்கம் எழுந்தது. அடுத்து இராமனின் ஐந்து சுரங்களைக் கூட்டினார். கேட்டவுடன் எம் ஊர்த் தெருக்கூத்து நினைவிற்கு வந்தது. இதனைவிடச் சுருங்கிய வழியும் உண்டென்றார். ஓரலையின் அதிர்வெண்ணை மற்றோரலையால் ஆட்டுவித்தால், இரண்டே அலைகளிலிருந்து ஒலிக்கூட்டம் ஒன்று பிறக்கும். இதனை அதிர்வெண் பண்பேற்றம் என்பர். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துச் சௌனிங் என்பார் 1967-இல் இதனை இசைக்குரியதாகக் கண்டார். 1983-இல் யமஹா நிறுவனத்தார் வெளியிட்ட டி.எக்ஸ்.7 என்னும் கருவியால் அஃது உலகெங்கும் பரவிற்று. 200-ஐ 200-ஆல் ஆட்டினால் முழு மடங்குச் சுரங்கள் வருகின்றன. 280-ஆல் ஆட்டினால் மணியோசை கேட்கின்றது. வட்டத் தோலின் கோணல் எண்களைத் தரும் பெஸ்ஸல் சார்புகளே, இம்முறையில் பிறக்கும் ஒலிகளின் வலிமையையும் வரையறுக்கின்றனவாம். எமக்கு அக்கணிதம் விளங்கவில்லை; நண்பர் முகத்தின் மலர்ச்சி விளங்கிற்று.

நாமக்கல்லுக்கு அருகே, கூத்து மத்தளங்களுக்கு மூட்டுப் போடும் முதியவர் ஒருவர் எமக்குத் தெரிந்தவர். அவரிடம் இவ்வொலிகளைக் கொண்டுபோய்க் கேட்பித்தோம். முதல் ஒலியைக் கேட்டு, இது சோறு வையாத வெறுந்தோல் என்றார். இரண்டாவதைக் கேட்டார், மீண்டும் இருமுறை கேட்டார். தோல் நல்ல தோல்தான், ஆனால் சோறு ஒரு பூச்சு கூடிவிட்டது, சுரண்டி எடுங்கள் என்றார். எம் நண்பர் சிரித்தார், கணிப்பொறியிற் சோறேது? அன்றிரவு விடுதிக்கு மீண்டதும் நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தார். மூன்றாம் சுரத்திற்கு 450 என்று எழுதவேண்டிய இடத்தில் 465 என்று எழுதியிருந்தார். கரணையின் பாரம் மிகுந்தால் அவ்விடைவெளி விரியுமேயன்றிச் சுருங்காது. நண்பர் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின்னர் எண்ணைத் திருத்திவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லுக்குப் பேருந்து எத்தனை மணிக்கு என்று எம்மை வினவினார்.