பெஞ்சமின் கிரகாம்

பங்கு வாங்குமாறு பிறரைத் தூண்டும் சொல்வல்லார் பலர். அச்சொல்லை முதலிற் கணக்கினாற் சோதித்தல் வேண்டுமெனக் கற்பித்தோர் சிலரே. அச்சிலருள் தலைசிறந்த பெஞ்சமின் கிரகாம் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இவர் 1894-ஆம் ஆண்டு மே மாதம் இலண்டன் மாநகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். ஓராண்டுக் குழவியாயிருந்தபோதே பெற்றோர் நியூயார்க் நகரிற் குடியேறினர். 1903-இல் தந்தையார் காலமானார். அன்னையார் கடன்கொண்டு வாங்கிய பங்குகள் 1907-ஆம் ஆண்டின் பணநெருக்கடியில் வீழ்ச்சியுறவே, கைப்பொருள் அழிந்தது. ஆராயாது வாங்கிய பங்கின் பயனை இவர் இளமையிலேயே கண்டார்.

1914-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்றபோது, அங்கு மூன்று துறையினர் ஆசிரியப் பதவியளிக்க முன்வந்தனர். அவற்றை ஏலாது, இவர் பங்குத் தரகர் நிலையமொன்றில் அமர்ந்தார். தொழிலுக்குப் புதியவராயினும், மிசௌரி பசிபிக் இருப்புப்பாதைக் கம்பெனியின் கணக்குகளை ஆராய்ந்து, அதன் கடன்பத்திரங்கள் உறுதியற்றவை என அறிக்கை வரைந்தார். அவ்வறிக்கையே இவருக்கு உயர்வளித்தது. அக்கம்பெனியும் 1915-இல் நொடிந்தது.

1926-இல் நிகழ்ந்ததே இவர் வாழ்வின் சிறந்த பகுதியாகும். அரசாங்க அலுவலகத்திற் கிடந்த அறிக்கைகளை இவர் வாஷிங்டன் சென்று படித்தார். எண்ணெய்க் குழாய்கள் நடத்தும் நார்தர்ன் பைப்லைன் கம்பெனியின் பங்கு 65 டாலருக்கு விற்றது; ஆயின் பங்கொன்றுக்கு ஏறக்குறைய 95 டாலர் பெறுமான பத்திரங்களும் ரொக்கமும் அக்கம்பெனியிடம் இருந்தன. தொழிலுக்கு வேண்டாத அப்பணத்தைப் பங்காளிகளுக்கு அளிக்குமாறு இவர் வேண்ட, நிர்வாகிகள் மறுத்தனர். 1927-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆயில் சிட்டி என்னும் ஊரிற் கூடிய பொதுக்கூட்டத்தில் இவர் எழுந்து பேசினார். இவருடைய தீர்மானத்தை வழிமொழிய அங்கு ஒருவருமிலர்! நாணமுற்றுத் திரும்பினாரேயன்றி மனந்தளர்ந்தாரல்லர். ஓராண்டுக் காலம் பங்காளிகளை அணுகிக் கணக்கை விளக்கி, அவர்க்காக வாக்களிக்கும் உரிமையைப் பெற்றார். 1928-இல் நிர்வாக சபையில் இரண்டு இடங்கள் இவர் பக்கத்தார்க்குக் கிடைத்தன. பின்னர்ப் பங்கொன்றுக்கு மொத்தம் 70 டாலர் பங்காளிகளைச் சேர்ந்தது. முதற்கூட்டத்திற் கூறிய கணக்கு வேறு, பின்னர்க் கூறியது வேறன்று. கேட்போர்க்கு அது முன்னரே விளக்கப்பட்டமையே வேறுபாடு.

இவரும் தவறாதவரல்லர். 1929-க்குப் பின் நேர்ந்த வீழ்ச்சியில் தம்மை நம்பினோர் பொருளிற் பெரும்பகுதியை இழந்தார். அவ்விழப்பின் பின்னரே, 1934-இல் டேவிட் டாட் என்பாருடன் பத்திரங்களை ஆராயும் முறைபற்றிய பெருநூலை வெளியிட்டார். பங்கின் மதிப்புக்கும் விலைக்கும் இடையே போதிய இடைவெளி வேண்டும். நம் கணக்குப் பிழைப்பினும் அது காக்கும் என்பதே இவர் போதனையின் சாரம். 1976-இல் பிரான்சு நாட்டில் இவர் காலமானார்.

நண்பர்காள்! நாளை நம்மிற் சிலர் பிறரிடம் பங்குகளைப் பற்றிப் பேச நேரலாம். அவர் நம்பித் தரும் பொருள், உவமையில் ஊழியரிடம் ஒப்புவிக்கப்பட்ட தாலந்து போன்றது. ஆதலின் நாவன்மைக்கு முன் கணக்கைத் தேடுவோமாக.